அவிழ்க்கும் நாள் குறிக்காத காப்பு

மேலக்கருங்காட்டில் ஐப்பசி மாதத்து அந்தி ஒன்றில், ஆண் அந்துப்பூச்சிகளெல்லாம் பருத்திக்காட்டுப் பொறிகளை விட்டுவிட்டு மருதமுத்துவிடம் வந்து சேர்ந்தன. அவன் அப்போது வரப்பில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். முதலில் தோளில் ஒன்று உட்கார்ந்தது, பிறகு காதில் ஒன்று, பிறகு கண்ணிமையில் ஒன்று, அப்புறம் வந்தவற்றை அவன் கவனிப்பதை விட்டுவிட்டான். இருட்டுவதற்குள் அவனுடைய சட்டை என்ன நிறம் என்று யாரும் சொல்ல முடியாமல் போயிற்று. விடிந்தபோது அவன் பாயைச் சுற்றிச் செத்த பூச்சிகள் உமி கொட்டியதுபோலக் கிடந்தன. அவன் அம்மா நல்லம்மாள் அவற்றைப் பெருக்கி முறத்தில் அள்ளிக் கோழிகளுக்குப் போட்டாள்.

பொறி என்றதும் எலிப்பொறியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கம்பில் தொங்கும் ஒரு பச்சைப் புனல். அதன் கீழே நீளமான பாலித்தீன் பை, மேலே மூடிக்குள் புளியங்கொட்டை அளவு ரப்பர்த் துண்டு. அந்த ரப்பரில் பெண் அந்துப்பூச்சியின் வாசனையை ஏற்றியிருப்பார்கள். ஆண் பூச்சி பெண்ணைத் தேடி வந்து புனலில் விழும், பைக்குள் இறங்கும், வெளியே வர வழி தெரியாமல் அங்கேயே சாகும். இலைக்கடியில் காத்திருக்கும் நிஜப் பெண் பூச்சியிடம் ஒருவரும் போகமாட்டார்கள். அது இடும் முட்டை பொரியாது. முட்டை பொரியாவிட்டால் புழு இல்லை, புழு இல்லாவிட்டால் பருத்திக் காயில் துளை இல்லை, இவ்வளவுதான் அந்தப் பொறியின் ரகசியம்.

அதற்கு முந்தைய வருஷம் ஊர் மருந்து அடித்துப் பார்த்தது. காய்ப்புழு காய்க்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆகையால் மருந்து அதன்மேல் படவில்லை, அடித்தவர்கள்மேல்தான் பட்டது. ஊர்த்தலைவர் துரைக்கண்ணுவின் தம்பி, முதுகில் தெளிப்பானைச் சுமந்தபடி வரப்பில் சாய்ந்தவன், பிறகு எழுந்திருக்கவேயில்லை. கருமாதி முடிந்த அன்று மாரியம்மன் கோயில் வாசலில் கூடி, இனி மருந்து டப்பா ஊர் எல்லைக்குள் வரக்கூடாது என்று கற்பூரத்தை அடித்துச் சத்தியம் செய்தார்கள். அதனால்தான் இந்த வருஷம் காட்டைச் சுற்றி ஆமணக்கு நட்டார்கள், ஊடே செண்டுப்பூ போட்டார்கள், கரிச்சான் குருவி உட்கார்ந்து புழு பொறுக்கட்டும் என்று குச்சிகளைக் குறுக்கே கட்டி நிறுத்தினார்கள், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தார்கள். வேளாண்மைத் துறையில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு சின்னப் பெண் இருசக்கர வண்டியில் கொண்டுவந்து கொடுத்த பொறிகளையும் தொங்கவிட்டார்கள். பொறிகள் இப்போது வெறும் பைகளாகக் காற்றில் ஆடின. அந்தப் பெண் வந்து பார்த்து, ரப்பர்த் துண்டை வெறுங்கையால் தொட்டீர்களா என்று மருதமுத்துவைக் கேட்டாள். எல்லோரும்தான் தொட்டோம் என்றான். அவள் தலையை அசைத்துவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். ஏன் வந்தன என்ற பேச்சு அத்தோடு முடிந்தது, வந்தவற்றை என்ன செய்வது என்ற பேச்சு தொடங்கியது.

மருதமுத்துவுக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பையன் என்ன செய்கிறான் என்று கேட்டு, பருத்தி போடுகிறான் என்ற பதிலைக் கேட்டதும் காப்பியைக்கூட முழுதாகக் குடிக்காமல் எழுந்துபோன பெண் வீட்டார் அந்த வட்டாரத்தில் அநேகம். ஆகவே டீக்கடையில் அவனைக் கண்டதும் ஊருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏன் மாப்ள, பொண்ணு வீட்டுக்காரன் ஒருத்தனும் ஒன்னத் தேடி வரல. இப்ப என்னடான்னா ஊர்ப்பட்ட மாப்பிள்ளைங்க ஒன்னப் பொண்ணு பாக்க வந்துட்டானுங்க" என்றான் டீ ஆற்றியவன்.

மருதமுத்து சிரித்தான். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழகாதவன். டீயில் விழுந்த பூச்சியை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தான்.

பூச்சிகள் வரத் தொடங்கிய பிறகு அவன் காட்டுக் காய்களில் ஒரு துளை இல்லை. பக்கத்துக் காட்டுக்காரன் இதைப் பார்த்து, ஒரு அந்திக்கு மட்டும் எங்கள் காட்டில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டான். அடுத்த நாள் அவனுக்கு அடுத்தவன் கேட்டான். கேட்பவர்களுக்குள் சண்டை வந்து, மண்வெட்டிவரை போனதும், துரைக்கண்ணு ஊரைக் கூட்டி, ஏரித் தண்ணீரை எப்படி முறை வைத்துப் பாய்ச்சுகிறோமோ அப்படியே மருதமுத்துவையும் முறை வைத்துக்கொள்வோம் என்றார். மேல்மடைக்காரர்களுக்கு முதலில், கீழ்மடைக்காரர்களுக்குப் பிறகு, தகராறு வந்தால் மடை திறந்துவிடும் மடையாள் சொல்வதே முடிவு, எல்லாம் ஏரிக்கு இருப்பதுபோலவே. ஊருக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. தண்ணீரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை ஆகையால் மருதமுத்துவிடமும் யாரும் கேட்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு அந்திக்கும் முறைக்காரரின் டிராக்டர் அவன் வாசலுக்கு வரும். பெட்டியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கும். அவன் அதில் ஏறி உட்கார்ந்துகொள்வான், வண்டி காட்டுக்குப் போகும், காட்டு நடுவில் நாற்காலியை இறக்கிப் போடுவார்கள், அவன் உட்காருவான், பூச்சிகள் வரும், வந்து மூடும், விடியும் முன்னால் மூடியபடியே அவனை வீட்டில் கொண்டுவந்து விடுவார்கள், அங்கே உதிரும். முறைக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும், குழம்பில் நல்ல துண்டு அவனுக்குத்தான். கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் ஊர் எல்லையில் முன்விளக்கை அணைத்துவிட்டு வரப் பழகினார், பூச்சிகள் விளக்கைப் பார்த்து வழிமாறிவிடக் கூடாதல்லவா. தாய்மார்கள் பிள்ளைகளுக்குச் சோறூட்டும்போது நிலாவைக் காட்டுவதை விட்டு, அதோ மருதமுத்து மாமா போறாரு என்று டிராக்டரைக் காட்டினார்கள். கோழிகள் கொழுத்தன. நல்லம்மாள் தினமும் விடியலில் பெருக்கினாள், பெருக்கப் பெருக்கச் சாம்பல் நிறத்தில் இறக்கைத் தூள் எழுந்து அவள் புடவையிலும் மூக்கிலும் நெஞ்சிலும் இறங்கியது, அவள் இருமிக்கொண்டே பெருக்கினாள்.

இந்தச் சமயத்தில்தான், கார்த்திகையில், வரகம்பட்டியிலிருந்து ஜெயக்கொடி வீட்டார் வந்தார்கள். ஜெயக்கொடி தையல்காரி. ஜாதகத்தில் ஏதோ தோஷம் என்று அவளுக்கும் வயது தள்ளிப்போயிருந்தது. நிச்சயதார்த்தம் அந்தியில் முடிந்ததால் தாம்பாளத்துக்கு முன்னால் மருதமுத்து பூச்சிகளோடுதான் உட்கார்ந்திருந்தான். பெண் மிரண்டுவிடுவாள் என்று ஊர் பயந்தது. அவள் அருகில் வந்து, அவன் மூக்கின்மேல் இருந்த ஒன்றை இரண்டு விரலால் நூல் எடுப்பதுபோல மெல்ல எடுத்துவிட்டு, இப்பத்தான் மூஞ்சி தெரியுது என்றாள். மருதமுத்து பிறகு எத்தனையோ அந்திகளில் காட்டு நடுவே மூடுண்டு உட்கார்ந்திருந்தபோது நினைத்துக்கொண்டது அந்த இரண்டு விரலைத்தான். தை மாதத்தில் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள்.

நிச்சயம் முடிந்த மறுநாளே ஊருக்கு ஒரு பயம் வந்தது. வரகம்பட்டியிலும் பருத்திதான். மாப்பிள்ளை விருந்துக்குப் போனவனை மாமனார் அங்கேயே நிறுத்திக்கொண்டால் என்ன செய்வது? காய் பிடிக்கும் பருவத்தில் ஒரு வாரம் அவன் இல்லையென்றால்கூடப் போதுமே. பேசிப் பேசிக் கடைசியில் துரைக்கண்ணு, மாரியம்மன் திருவிழாவுக்குக் கட்டுவதுபோல இவனுக்கும் காப்புக் கட்டிவிடுவோம் என்றார். அந்த ஊரில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை கட்டியவர் எல்லை தாண்ட மாட்டார், வீட்டில் கல்யாணம் காட்சி வைக்க மாட்டார். அதன்படி ஒரு வெள்ளிக்கிழமை ஊரே கூடியது. வீட்டுக்கு ஒருவர் மஞ்சள் கயிற்றைத் தொட்டுக் கொடுக்க, பூசாரி அதை மருதமுத்துவின் வலது மணிக்கட்டில் கட்டினார். குலவை போட்டார்கள், பொங்கல் கொடுத்தார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் மறந்துபோனார்கள். அம்மன் காப்பை அவிழ்க்கும் நாள் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. இந்தக் காப்பை என்றைக்கு அவிழ்ப்பது என்று யாரும் சொல்லவில்லை. நல்லம்மாள்தான் கேட்டாள். பூசாரி கொஞ்சம் யோசித்து, கடைசி எடுப்பு முடிந்ததும் அவிழ்த்துவிடலாம் என்றார்.

பருத்தியை ஒரே தடவையில் எடுத்துவிட முடியாது. வெடித்த காயை எடுத்துவிட்டு வந்தால் மறுவாரம் வேறு காய் வெடித்திருக்கும், அது அடுத்த எடுப்பு. சாதாரணமாக மூன்று நான்கு எடுப்பில் புழு மிச்சத்தை முடித்துவைத்துவிடும், ஜனங்கள் ஓய்ந்த செடியை, அதாவது பருத்திமாரை, வேரோடு பிடுங்கி அடுப்புக்குச் சேர்த்துவிடுவார்கள். இந்த வருஷம் புழு இல்லை. தை எடுப்பு முடிந்ததும் செடிகள் புதிதாகப் பூத்தன, மாசியில் ஒரு மழை பெய்ததும் மறுபடி பூத்தன. கடைசி எடுப்பு என்று நினைத்து எடுத்ததெல்லாம் கடைசிக்கு முந்தியதாகவே இருந்தது. வேளாண்மைத் துறைப் பெண் வந்து, பங்குனிக்குள் மாரைப் பிடுங்கிவிடுங்கள், செடியை இப்படி விட்டுவைத்தால் ஒருநாள் புழு திரும்பி வரும் என்று வீடு வீடாகச் சொன்னாள். எங்கள் ஊரில் ஏதம்மா புழு என்று சிரித்து அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது அவள் மருதமுத்துவிடம், தூங்குகிறீர்களா என்று கேட்டாள். உட்கார்ந்தபடியே பழகிவிட்டது என்றான்.

தையில் நடக்க வேண்டிய கல்யாணம் மாசிக்குப் போயிற்று, மாசியிலிருந்து பங்குனிக்குப் போயிற்று. நல்லம்மாள் பூசாரியிடம் போய், செடி நிற்கிறபடி நிற்கட்டும், கயிற்றை அவிழ்த்துவிடு என்று கேட்டாள். பூசாரி நல்ல மனிதர். எனக்கென்ன ஆத்தா, இப்போதே அவிழ்ப்பேன், ஆனால் ஊர் கூடிக் கட்டியதை ஊர் கூடித்தான் அவிழ்க்க வேண்டும், ஒரு வீடு குறைந்தாலும் ஆகாது என்றார். அதுவும் சரிதானே என்று துரைக்கண்ணு கூட்டம் போட்டார். எல்லா வீடும் வந்தது, மேலத்தெருவில் ஒரு வீடு மட்டும் வரவில்லை, மாடு கன்று போடுகிறது என்றார்கள். இன்னொரு நாள் கூட்டம் போட்டார். அந்த மேலத்தெரு வீடு முதல் ஆளாக வந்தது, வேறொரு வீடு பருத்தி மூட்டை ஏற்றப் போயிருந்தது. அப்புறம் ஒரு வீட்டுக்குப் பல்வலி. அப்புறம் ஒரு வீடு வாசல் வரை வந்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கத் திரும்பிப் போனது, போனது வரவில்லை. முடியாது என்று ஒருவரும் சொல்லவில்லை. வந்தவர்களெல்லாம், பாவம், அந்தப் பையனை இப்படி வைத்திருக்கிறோமே என்று மனப்பூர்வமாக வருத்தப்பட்டார்கள், வராத வீட்டைத் திட்டினார்கள், டிராக்டர் வரும் நேரமாயிற்று என்று எழுந்து போனார்கள். யார் வராமல் இருப்பது என்பதற்கும் ஒரு முறை வந்துவிட்டதுபோல, அது ஒவ்வொரு வீடாகச் சுற்றி வந்தது.

மருதமுத்து ஒரே ஒரு தடவை கயிற்றைத் தானே அவிழ்க்கப் பார்த்தான். முடிச்சில் விரலை வைத்ததும் வீட்டுக்கு ஒரு கையாக ஊர் முழுவதும் அதைத் தொட்டது ஞாபகம் வந்து, விரல் அப்படியே நின்றுவிட்டது.

சித்திரை முடிகிற வாரத்தில் ஜெயக்கொடி பகல் பேருந்தில் தனியாக வந்தாள். நல்லம்மாள் அப்போது சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் கொடுத்த உறிஞ்சும் மருந்து மடியில் கிடந்தது. ஜெயக்கொடி தண்ணீர் கொடுத்துவிட்டு, வைகாசிக்குள் முடியாவிட்டால் அப்பா திருப்பூர் மாப்பிள்ளைக்குச் சரி சொல்லிவிடுவார், எனக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது அத்தை என்றாள். அழவில்லை. மருதமுத்து மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு மஞ்சள் போய் மண் நிறத்துக்கு வந்திருந்தது.

நல்லம்மாள் கோழிகளைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கூட்டத்துக்கு வராத வீடு இருக்கு. எழவுக்கு வராத வீடு இந்த ஊர்ல இருக்கா?"

இருவருக்கும் புரியவில்லை.

"நான் செத்துட்டேன்னு சொல்லுடா. ஒரு வீடு பாக்கியில்லாம வந்துரும். காப்புக் கட்டின கை கொள்ளி வெக்கக் கூடாதுன்னு பூசாரி அவுத்துத்தான் ஆகணும். அவுத்ததும் நான் எந்திரிச்சு, எவடி எனக்கு வாய்க்கரிசி கொண்டாந்தவன்னு கேக்குறேன்."

"அத்தை, அம்மாம் நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு எப்புடிப் படுத்திருப்பீங்க?" என்றாள் ஜெயக்கொடி.

"ஒன் மாமனாரோட குடும்பம் நடத்துனவடி நான். அடக்காத மூச்சா?"

ஜெயக்கொடி சிரித்துவிட்டாள். நல்லம்மாளும் சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரமாயிற்று. மருதமுத்து சிரிக்கவில்லை. விளையாட்டுக்குக்கூட வேண்டாம் அம்மா என்றான். நீ இத்தனை மாசமாக ஊர் சொன்னதைக் கேட்டாயல்லவா, ஒருநாள் நான் சொல்வதைக் கேள் என்றாள். அவன் எதற்கும் மறுப்புச் சொல்லிப் பழகாதவன்.

வைகாசி பிறந்து, ஒரு மத்தியானம், நல்லம்மாள் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, நல்ல புடவையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு கூடத்தில் தெற்கே தலைவைத்துப் படுத்தாள். கோழிகளைக் கூடையால் கவிழ்த்து மூடச் சொன்னாள். ஜெயக்கொடிக்கு முன்பே ஆள் போயிருந்தது. இதில் ஒரு தப்பு வரக்கூடாது என்று மகனிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். அவன் வாசலில் போய் நின்று, அம்மா போயிட்டா என்று சொன்னான். அதைச் சொல்லும்போது அவனுக்கு நிஜமாகவே அழுகை வந்ததால் ஒருவரும் சந்தேகப்படவில்லை.

ஊர் வந்தது. காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மடியில் பருத்தியோடு வந்தார்கள். மேலத்தெரு வந்தது, கீழத்தெரு வந்தது, பல்வலிக்கார வீடு வந்தது, அடுப்பைப் பார்க்கப் போன வீடும் வந்தது. கடைசிப் பேருந்தின் ஓட்டுநர் பகல் நடையிலேயே பேருந்தை எல்லையில் நிறுத்திவிட்டு வந்தார். பெண்கள் நல்லம்மாளைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அவள் பெருக்கிய இறக்கைகளையும் அவள் கோழிகளையும் மகன் கல்யாணத்தைப் பார்க்காமல் போன கண்களையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள், அத்தனையும் மனதிலிருந்து வந்த அழுகைதான். வரகம்பட்டியிலிருந்து ஜெயக்கொடி கோடிப் புடவையோடு வந்து காலடியில் உட்கார்ந்தாள். அவள் மட்டும் அழவில்லை. கல்லு மாதிரி இருக்கிறாளே, இவளா இந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டியவள் என்று ஒருத்தி அடுத்தவள் காதில் சொன்னாள்.

எல்லாம் நல்லம்மாள் சொன்னபடியே நடந்தது. காப்புக் கையோடு கொள்ளி வைக்க ஆகாது என்று பூசாரி சொன்னார். எல்லா வீடும் வந்துவிட்டதா என்று துரைக்கண்ணு தெருத்தெருவாகப் பேர் சொல்லிக் கேட்டார், எல்லாத் தெருவிலிருந்தும் குரல் வந்தது. மருதமுத்து அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து வலது கையை நீட்டினான். வீட்டுக்கு ஒருவராக வந்து கயிற்றைத் தொட்டார்கள். வரிசை நீண்டது, வெயில் சாய்ந்து கூடத்துக்குள் வந்தது, வாசலில் வெளிச்சம் மஞ்சளாயிற்று. கடைசியாகத் துரைக்கண்ணு வந்தார். கயிற்றில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. அவருடைய கிழக்குக் காட்டில் அந்த வாரம்தான் புதிதாகக் காய் பிடித்திருந்தது.

"காரியமெல்லாம் முடிஞ்சதும் வருவேல்ல, தம்பி?" என்றார் தாழ்ந்த குரலில்.

மருதமுத்து நீட்டிய கையை இன்னும் கொஞ்சம் பூசாரி பக்கம் நகர்த்தினான். அவர் வெட்கப்பட்டுக் கையை எடுத்தார். பூசாரி முடிச்சை அவிழ்த்தார், அது ஈரத்திலும் வியர்வையிலும் இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது. கயிறு கழன்று பாயில் விழுந்தது. அந்த இடத்தில் மணிக்கட்டு வெளுத்திருந்தது.

மருதமுத்து குனிந்து அம்மாவின் காதருகில் வாயை வைத்தான்.

"அவுத்தாச்சும்மா. எந்திரி."

அம்மாவிடம் கடைசியாக ஏதோ சொல்கிறான் என்று எண்ணிப் பெண்கள் குரலை உயர்த்தி அழுதார்கள். இனி ஒரு வருஷத்துக்கு இந்த வீட்டில் நல்ல காரியம் கிடையாதே என்று யாரோ ஒருத்தி சொல்லி அழுதாள். அவன் நிமிர்ந்து கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அழுகைச் சத்தத்தில் அம்மாவுக்குக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டு, மறுபடி குனிந்து இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். அந்தி வந்துவிட்டதால் பூச்சிகள் வரத் தொடங்கின. எப்போதும்போல அவன் தோளுக்கு வந்தன, காதுக்கு வந்தன, இடம் போதாதவை பாயிலும் கோடிப் புடவையிலும் உட்கார்ந்தன. ஒன்று நல்லம்மாளின் மூக்குக்கு நேர் கீழே, மேலுதட்டில், இறக்கையை விரித்து உட்கார்ந்தது.

ஜெயக்கொடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்துப்பூச்சியின் இறக்கை ஓரத்தில் முடி போன்ற மெல்லிய குஞ்சம் இருக்கும், எதிரில் நின்று பேசினாலே ஆடிவிடும் குஞ்சம். நிச்சயத்தன்று அவன் மூக்கிலிருந்து எடுத்த பூச்சிக்கு அது அவன் மூச்சுக் காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். இப்போதும் ஆடும் என்று பார்த்தாள். கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். பிறகு அருகில் போய், இரண்டு விரலால் அந்தப் பூச்சியை எடுத்துவிட்டு, விரல்களை அங்கேயே மூக்குக்குக் கீழே வைத்திருந்தாள்.

மருதமுத்து அம்மாவைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கூட்டத்தில் அதுவரை அழாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். அவளும் அழத் தொடங்கினாள்.